பிற குறிப்புகள்

யார் மிதிக்கிறார், யார் சும்மா இருக்கிறார்
என்று எனக்குத் தெரியக் கூடாது.
ஆய்வின் சட்டம்.
மேல்மாடியில் பன்னிரண்டு சைக்கிள்கள்,
எங்கும் போகாதவை.
அவற்றின் முனகல் மட்டும் கூரை வழியே இறங்கும்.
என் அறைக்கு வருபவை கைகள்.

வால்பரைசோவின் கைகள்.
உப்புக்கயிறு அறுத்த கை,
பச்சை குத்திய பெயர் கலங்கிப் போன கை,
மோதிரம் கழற்ற முடியாமல் வீங்கிய கை.
ஒவ்வொன்றின் பின்னாலும் எங்கோ உள்ளே
பாதிப் பலத்தில் இறைக்கும் ஒரு நெஞ்சு.
அது என் வேலையில்லை.
நான் நாளத்தை அளப்பவள்.

முன்கையில் பட்டை சுற்றி இறுக்குவேன்.
ஐந்து நிமிடம்.
விரல்கள் வெளுக்கும்.
கூரையின் ஈரக்கறையை எல்லோரும் பார்ப்பார்கள்.
அர்ஜென்டினா மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர்,
அதனால்தான் ஒழுகுகிறது என்றார்.

பிறகு பட்டையை விடுவேன்.
தடுத்து வைத்த ரத்தம் பாய்ந்து வரும்.
அது உரசும் கணத்தில்
நாளத்தின் உட்சுவர் இளகி
இடம் விட வேண்டும்,
நெரிசல் பேருந்தில் பிள்ளைத்தாய்ச்சி ஏறினால்
நகர்ந்து உட்காருவது போல.
இங்கே வருகிறவர்களின் நாளங்கள் பெரும்பாலும்
ஜன்னலைப் பார்த்தபடி
அப்படியே உட்கார்ந்திருக்கும்.

எதெல்வினா ஓயார்சுன், அறுபத்தெட்டு.
துறைமுகத் தொலைபேசியில் முப்பது வருடம்.
ஏப்ரலில்
நாலு புள்ளி பத்து மில்லிமீட்டர்;
பட்டையை விட்ட பின்
நாலு புள்ளி பதினெட்டு.
ஒரு மயிரிழை அளவு மரியாதை.

ஜூலை, மழை.
அதே கை, அதே இடம், அதே ஐந்து நிமிடம்.
திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள்
ஒன்றைவிட்டு ஒன்று விலகின.
நாலு புள்ளி முப்பத்தைந்து.
கருவியைச் சந்தேகித்து
இன்னொரு முறை அளந்தேன்.
முப்பத்தைந்துதான்.

சைக்கிள் ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.
நினைக்கவே கூடாது.

"நான் உட்காரும் கூட்டம்" என்றார்.
சொல்லாதீர்கள், அம்மா, தயவு செய்து.
"சீட்டு அப்படி விழுந்தது. நான் என்ன செய்ய?
ஆனால் எங்கள் குன்றின் அசென்சோர்
ஏப்ரல் இருபதிலிருந்து ஓடவில்லை.
இரும்புக்கயிறு அறுந்ததாம்.
ரொட்டி கீழே, வீடு மேலே.
நடுவில் நூற்று அறுபத்தொரு படி."

முதல் நாள் நாற்பது நிமிடம்.
ஏழு இடத்தில் நின்றாராம்.
எட்டாவது இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது,
நகரவில்லை.
பக்கத்திலேயே உட்கார்ந்து
அதன் மூச்சையும் தன் மூச்சையும்
மாறி மாறி எண்ணினாராம்.
"இப்போது பதினோரு நிமிடம்.
என் செருப்புச் சத்தம் கேட்டதும்
நாய் எழுந்து ஓரம் போகிறது."

நெஞ்சின் அறிக்கை
கோப்பில் முதல் பக்கத்தில் இருந்தது.
ஏப்ரலில் முப்பத்தொரு சதவீதம்.
ஜூலையிலும் அதே முப்பத்தொன்று.
காட்டினேன்.
கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்துவிட்டு
"அது பழைய ஆள், விடு" என்றார்,
சட்டைக்கையை இறக்கியபடி.

படிவத்தின் கடைசிக் கட்டம்
பெரும்பாலும் காலியாகப் போகும்.
எப்போதாவது எழுதுவேன்: கை குளிர்ந்திருந்தது.
இன்று எழுதினேன்:
அசென்சோர் பழுது. பன்னிரண்டு வாரம்.

தலைமை மருத்துவர் கூப்பிடுவார்.
புள்ளிவிவரக்காரன் பெருமூச்சுவிட்டு
ஒரு வரியை அடிப்பான்.
அடிக்கட்டும்.

கதவருகே குடையை விரித்துக்கொண்டிருந்தவரிடம்
திங்கட்கிழமை மறுபடி ஓடுமாம்,
நாளிதழில் போட்டிருக்கிறது என்றேன்.

மழையைப் பார்த்தார்.
"அப்படியா," என்றார்.
"ஒன்றும் அவசரமில்லையே."